கொட்டகையில் ஒரு பந்தி வஞ்சனை

கறிக்கோழிக் குஞ்சுக்கு உலகில் ஒரே ஒரு வேலைதான் உண்டு, அது வளர்வது. அந்த ஒன்றையும் செய்ய அது மறுத்துவிட்டால் வளர்ப்பவன் என்ன செய்வான்? என் கணவர் குவைத்துக்குப் போவதாகச் சொன்னார்.

ஆந்திரப் பக்கத்தில் நகரிக்கும் புத்தூருக்கும் இடையே, பெருஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில் அந்நாளில் ஆண்கள் இரு வகையினர்: போய்விட்டவர்கள், போக இருப்பவர்கள். பெங்களூரில் புதிதாக எழுந்துகொண்டிருந்த கட்டடங்களைக் காவல் காக்கச் சிலர் போனார்கள். சென்னைக்கு மேற்கே முளைத்த தொழிற்சாலைகளுக்குச் சிலர் போனார்கள். கடவுச்சீட்டு எடுக்கும் துணிவு வாய்த்தவர்கள் குவைத்துக்கு விமானம் ஏறினார்கள். நாடு தன் கதவுகளைத் திறந்துவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. திறந்த கதவின் வழியே எங்கள் பக்கம் வந்து சேர்ந்தவை என்று பார்த்தால், புத்தூர்க் கடைத்தெருவில் ஒரு தொலைபேசிக் கூண்டு, தெருவுக்கு ஓரிரு வண்ணத் தொலைக்காட்சிகள், ஞாயிறுதோறும் கோழிக்கறி. முன்பெல்லாம் விருந்தாளி வந்தால்தான் கோழிக்கு ஆபத்து. இப்போது கிழமை வந்தாலே ஆபத்து.

இந்தக் கடைசி மாற்றத்தில்தான் என் கணவர் தம் பொருளாதாரக் கொள்கையைக் கண்டெடுத்தார்.

"போறவன் எல்லாம் எங்க போனாலும் கோழிதான் துன்றான். ஒருத்தன் இங்கயே இருந்துக்கினு அத வளத்தா இன்னா?"

எனவே வேர்க்கடலை விளைந்த நிலத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு கொட்டகை எழும்பியது. கூரைக்கு ஓடு, பக்கங்களுக்குக் கம்பிவலை, தரைக்கு வேர்க்கடலைத் தோல். நிலம் என் மாமனாருடையது. இளமை முழுவதும் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்து, நடுவயது கடந்தபின் தமக்கென்று வாங்கிய நிலம். அதன் ஓரத்தைக் கோழிக்குக் கொடுக்க நேர்ந்ததில் அவருக்கு ஒப்புதல் இல்லை.

"மண்ணு மேல தோலப் பரப்பி, தோலு மேல கோழிய வுட்டா, மண்ணுக்கு அங்க இன்னா வேல?" என்றார். பிறகு, கொட்டகைக்கு முதல் குழி தோண்டியவரும் அவரே.

முதலில் வளர்த்த ஈடுகள் எங்களை ஏமாற்றின. இட்டலிக்குச் சொல்வது போலவே கோழிக்கும் ஈடு என்றுதான் நான் சொல்வேன். என் கணவர் 'பேட்ச்சு' என்பார். பெயர் எதுவானால் என்ன, அந்தக் குஞ்சுகள் திருமண வீட்டுக்கு அழையாமல் வந்தவர்களைப் போல உண்டன; உண்டது எங்கே போயிற்று என்பதுதான் விளங்கவில்லை. தும்மின, நீர்மலம் கழித்தன, நெடுங்கால்களோடு நின்று எங்களை வெறித்துப் பார்த்தன. கோழி வாங்க வரும் வியாபாரி புத்தலப்பட்டுக்காரர். தெலுங்கிலும் தமிழிலும் ஒருசேரக் கேலி பேச வல்லவர். ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது கோழி காதண்ணா, கொக்கு. ஏரில வுட்டா மீன் புடிச்சிக்கினு வரும்" என்றார்.

என் கணவர் சிரித்தார். அன்று மாலை அவர் உண்ணவில்லை.

குவைத்தில் அவருடைய பெரியம்மா மகன் ஒருவர் ஒரு வீட்டுக்கு வண்டியோட்டிக்கொண்டிருந்தார். அதே தெருவில் இன்னொரு வீட்டுக்கு ஓட்டுநர் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். கடவுச்சீட்டு முன்னரே எடுத்து இரும்புப் பெட்டியில் கிடந்தது. சித்தூரில் இருந்த முகவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இந்த ஒரு பேட்ச்சு பாக்கறேன்" என்றார் அவர், தீவனத்தட்டைக் கழுவியபடி. "இதுவும் ஏமாத்திச்சின்னா, ஏறிடறேன்."

இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை, தட்டிடம் சொன்னார். எனினும் முற்றத்தில் முறத்தோடு அமர்ந்திருந்த அத்தையின், அதாவது என் மாமியாரின், கை அப்படியே நின்றது. எங்கள் தெருவில் குவைத்து போனவர்களின் வீடுகள் உண்டு. நறுமணப் புட்டிகளும் பளபளக்கும் போர்வைகளும் அவ்வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தன. மூன்றாம் வீட்டுக்காரர் புறப்பட்டபோது மனைவியின் வயிற்றில் இருந்த குழந்தை, அவர் திரும்பி வந்தபோது கதவைத் திறந்து பார்த்து, "யாரோ மாமா வந்துக்கீறாரு" என்று உள்ளே குரல் கொடுத்தது. அதைச் சொல்லித் தெருவே சிரித்தது. குழந்தையின் தாய் மட்டும் சிரிக்கவில்லை. எங்களுக்கு அப்போது மணமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நான் உள்ளூர்ப் பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். நறுமணப் புட்டியின் மீது எனக்கு நாட்டமில்லை.

புதிய குஞ்சுகள் வருவதற்கு முந்தைய வாரம், கறிக்கோழி வளர்ப்போர்க்கான ஒருநாள் வகுப்பு திருப்பதியில் நடக்கிறது என்று கேள்விப்பட்டு என் கணவர் பேருந்து ஏறினார். மாலை திரும்பியதும் அத்தை இரு கைகளையும் ஏந்தி நின்றார்.

"பிரசாதம் எங்கடா?"

"மலைக்குப் போவலம்மா. கிளாசு முடியவே நேரமாயிடிச்சி."

"திருப்பதி வரைக்கும் போயி, மேல போவாம வந்தியா?" அத்தை என்னைப் பார்த்தார். "இவன் இன்னாம்மா, ஊட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராத மாப்பிள்ள மாரி வந்துக்கீறான்?"

பிரசாதத்துக்கு மாற்றாக அவர் கொண்டுவந்தது ஒரு கருத்து. அந்த வகுப்பை எடுத்தவர் ஒரு கால்நடை மருத்துவர். நடுத்தர வயது அம்மையார். தீவனத்தில் கண்ட மருந்துகளையும் கைபோன போக்கில் கலக்காதீர்கள் என்றாராம். பூண்டு, மஞ்சள், முருங்கையிலை ஆகியவற்றை நிழலில் உலர்த்திப் பொடித்துத் தீவனத்தில் சிறிதளவு சேர்த்தால் குடல் சீராகி உண்டது உடலில் ஒட்டக்கூடும் என்றாராம். கூடும் என்றாரே தவிர, ஒட்டும் என்று சொல்லவில்லை. "நான் சொல்றதயும் நம்பாதீங்க. கொட்டகைக்கு நடுவுல ஒரு வலையக் கட்டுங்க. ஒரு பக்கத்துக்குப் பொடி போடுங்க. இன்னொரு பக்கத்துக்கு வெறும் தீவனம். வாரா வாரம் எட போட்டுப் பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சா வச்சிக்கோங்க, இல்லன்னா விட்டுடுங்க" என்று அவர் தெலுங்கில் கூறியதை, என் கணவர் தமிழில், கையை அவர் போலவே வீசி, எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தது பூண்டும் அன்று, மஞ்சளும் அன்று. நடுவில் கட்டும் அந்த வலை. இதுவரை கோழி வளர்ப்பு அவருக்குச் சீட்டாட்டம் போல இருந்தது. இப்போது வழக்குமன்றம் போல ஆகிவிட்டது. இரு தரப்பு, நடுவே தடுப்பு, கையில் தராசு. தீர்ப்பு எதுவானாலும் தாம் கட்டுப்படுவதாக அறிவித்தார்.

"பொடி வேல செஞ்சா, நமக்கு வழி கெடச்சிடிச்சி, நான் இங்கயே கீறேன். வேல செய்யலன்னா, இனிமே இதுல நமக்குத் தெரிஞ்சது ஒண்ணும் இல்ல. சித்தூர் போயி ஏஜென்டு கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

அத்தை வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். "பாதிக்குப் போட்டு, பாதிக்குப் போடாம வுடுவியா?"

"ஆமாம்மா. அப்பதான தெரியும்."

"நடுவுல வல. அந்தப் பக்கம் துன்றத இந்தப் பக்கம் பாத்துக்கினு நிக்கும்."

"கோழிம்மா அது!"

"கோழிக்குக் கண்ணு இல்லியா? ஒரே ஊட்டுல பந்தி வஞ்சன பண்ணாதடா. ஆவாது."

"டீச்சரம்மா, நீயாச்சும் சொல்லு" என்று என் கணவர் என்னை நடுவராக்கினார். அறிவியலின் தேவையை நான் அத்தைக்கு விளக்கினேன். ஒப்பிட ஒன்று இல்லாவிடில் உண்மை தெரியாது என்றேன். அத்தை பொறுமையாகக் கேட்டார். இறுதியில், "சரிம்மா, படிச்சவங்க சொல்றீங்க" என்று எழுந்து போனார். அத்தை இவ்வளவு எளிதில் ஒப்புக்கொண்டது அதற்கு முன் எப்போதும் நிகழ்ந்ததில்லை என்பதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

குஞ்சுகள் வந்தன. இளஞ்சூட்டு விளக்கின்கீழ் மஞ்சள் பஞ்சு போல உருண்டவை சிறகு முளைத்து நடமாடத் தொடங்கியதும் என் கணவர் வலையைக் கட்டினார். கிழக்குப் பாதி பொடிப் பக்கம். மேற்குப் பாதி வெறும் பக்கம். பூண்டை உரித்துச் சீவி உலர்த்துவது என் பங்கு, இடிப்பது அத்தை. கலப்பவர் அவர் ஒருவரே. அதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். தீவனத்தைத் தரையில் குவித்துப் பொடியைத் தூவி, திருநீறு தரிப்பவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, கலந்ததையே மீண்டும் மீண்டும் கலந்துகொண்டிருப்பார்.

ஞாயிறுதோறும் எடை. இரு பக்கத்திலிருந்தும் சிலவற்றைப் பிடித்துக் கால்களைக் கட்டிக் கொக்கித் தராசில் தொங்கவிடுவார். அவை தலைகீழாகத் தொங்கியபடி உலகத்தைப் பார்த்து வியக்கும். முள் நடுங்கி நிற்கும் வரை அவர் மூச்சு விடமாட்டார். முதல் ஞாயிறு, இரு பக்கமும் ஒரே எடை. "இப்பதான ஆரம்பம்" என்றார். அடுத்த ஞாயிறும் ஒரே எடை. "பொடி உள்ள போயி வேல செய்ய வேணாமா?" என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அன்று அவர் உள்ளே போனார். இரும்புப் பெட்டியைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்து, தம் நிழற்படத்தைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, அதை மூடி, பெட்டிக்குள் வைக்காமல் மாடத்தில் வைத்தார். பெட்டிக்கும் மாடத்துக்கும் பத்தடிதான். ஆனால் அது குவைத்தின் திசையில் பத்தடி.

அத்தை மாடத்தைப் பார்த்தார். மறுநாள் உரல் ஒலி வழக்கத்தைவிட நெடுநேரம் கேட்டது.

இதனிடையே வீட்டில் சில சிறு புதிர்கள் தோன்றின. ஒரு மாதத்துக்கு ஆகும் என்று வாங்கிக் கட்டிய பூண்டுச் சரம் அதற்குள் தீர்ந்தது. "குளிர் காலம், ரசத்துக்கு ஆயிடிச்சி" என்றார் அத்தை, அது கோடை. அவருடைய விரல்கள் எந்நேரமும் மஞ்சள் பூத்திருந்தன. சுமங்கலிக்கு அது அழகுதானே என்று நானும் விட்டுவிட்டேன். கிணற்றடி முருங்கை, எட்டும் உயரம் வரை மொட்டையாகி, உச்சியில் மட்டும் குடுமி வைத்துக்கொண்டு நின்றது. மாமா பகலுணவுக்குப்பின் உறங்கும் வழக்கத்தை விட்டு, உலாவப் புறப்பட்டார். உண்டபின் சற்று நடப்பது உடலுக்கு நல்லது என்று ஒரு வைத்தியர் சொன்னாராம். எந்த வைத்தியர் என்று கேட்டதற்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

ஒன்றை மட்டும் எல்லோரும் கண்டோம், கண்டும் பொருட்படுத்தவில்லை. இந்தக் கோழிகள் தும்மவில்லை. தரைத்தோல் உலர்ந்திருந்தது. மார்பு அகன்று, கால் தடித்து, நடக்கும்போது ஊராட்சித் தலைவர்களைப் போல அசைந்து நடந்தன. ஆனால் என் கணவரின் கண் வலையின் இரு புறத்தையும் ஒன்றோடொன்றுதான் ஒப்பிட்டது; முன்பு வளர்த்த கொக்குகளோடு ஒப்பிட அவருக்குத் தோன்றவில்லை. நடுவில் தடுப்பு ஒன்றைக் கட்டிவிட்டால் மனிதனுக்கு அதன் இரு பக்கங்கள் மட்டுமே உலகம் என்றாகிவிடுகிறது.

வண்டி வரும் நாள் குறிக்கப்பட்டது. முந்தைய மாலையே தீவனத்தட்டுகளை மேலே கட்டிவிடுவது இத்தொழிலின் முறை. இரை நிரம்பிய கோழியை ஏற்றினால் வழியில் திணறும். அதோடு, இரையின் எடைக்கும் சேர்த்து விலை கொடுக்க எந்த வியாபாரியும் ஒப்பமாட்டார். என் கணவர் கயிற்றை இழுத்துத் தட்டுகளை உத்தரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். அத்தை வாயிலில் நின்றார்.

"இன்னாடா இது, ராவெல்லாம் பட்டினியா?"

"வண்டி ஏத்தறதுக்கு முன்னாடி துன்னக் கூடாதும்மா."

"ஊரு வுட்டு ஊரு போறத வெறும் வயித்தோடயா அனுப்புவாங்க?"

"அதான் மொற."

"இன்னா மொறயோ" என்றார் அத்தை. பிறகு, கோழியைப் பார்த்தா மகனைப் பார்த்தா என்று எனக்குத் தெரியாத ஒரு குரலில், "போறதுன்னு ஆயிட்டா, வயிறு நெறஞ்சி போவணும்" என்றார்.

விடியலில் புத்தலப்பட்டு வியாபாரி வந்தார். கிழக்குப் பக்கத்தை முதலில் எடை போட்டார்கள். முள் ஏறிய உயரத்தைக் கண்டு அவர் புருவமும் ஏறியது. "ஏமண்ணா, கொக்கு எங்க போச்சி? இதான் கோழி! பாகுந்தி!" என்றார். என் கணவர் முறுவலித்தார். அவர் கண் மேற்குப் பக்கத்தின் மேலேயே இருந்தது. மேற்குப் பக்கத்துக் கூடையைக் கொக்கியில் மாட்டினார்கள்.

முள் சற்று அதிகமாகவே ஏறி நின்றது.

இன்னொரு கூடையை மாட்டினார்கள். அதுவும் அப்படியே. என் கணவர் தீவன மூட்டையின் மேல் மெல்ல அமர்ந்தார்.

"பாத்தியா டீச்சரம்மா" என்றார் என்னிடம். "பொடி துன்னதவிட சும்மா துன்னது ஜாஸ்தி. பூண்ட ஒரிச்சி ஒரிச்சி ஒன் வெரல் தேஞ்சது மிச்சம்." வண்டியின் பக்கம் திரும்பினார். "வண்டி சித்தூர் வழியாதான் போவுது. அதுலயே ஏறிப் போயி ஏஜென்டப் பாத்துட்டு வந்துடறேன்."

அனைவருக்கும் தேநீர்த் தட்டு கொண்டுவந்த அத்தை வாயிலிலேயே நின்றார். நான் எதையோ சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் வியாபாரி, மேற்குப் பக்கத்துக் கோழி ஒன்றைத் தூக்கி அதன் கழுத்தடியில் விரலால் அழுத்திப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது நியாயம் காதண்ணா. இரைப்பை நெறயத் தீனி கீது. தீனிய எனக்குக் கோழி வெலைக்கு விக்கறியா?"

என் கணவர் துள்ளி எழுந்தார். "தட்ட நான்தான் மேல கட்டினேன்! என் கையால! ஏழுமலையான் மேல சத்தியம்!"

"மல ஏறாதவனுக்கு ஏழுமலையான் சாட்சியா?" என்றார் மாமா, பின்னாலிருந்து. அவரை யாரும் கவனிக்கவில்லை.

வியாபாரி கோழியின் அலகைத் திறந்து முகர்ந்தார். மீண்டும் முகர்ந்தார். பிறகு அதை என் கணவரின் மூக்கருகே நீட்டினார். "இது வெறும் தீனி துன்ன பக்கம்னு சொன்னியே? அண்ணா, பூண்டு வாசன தூக்குது, இதுக்கு ரசமே வைக்க வேணாம். தண்ணி ஊத்திக் கொதிக்க வுட்டா போதும்."

என் கணவர் திரும்பித் தம் தாயைப் பார்த்தார். அத்தை தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தம் மஞ்சள் விரல்களை முந்தானைக்குள் மறைத்தார். மறைத்ததே போதுமானதாயிற்று.

"எப்பலேர்ந்தும்மா?"

"மொத நாள்லேர்ந்து" என்றார் அத்தை. "நீ கலந்துட்டுப் போனதும், இந்தப் பக்கத்துக்கும் ஒரு கை தூவிட்டு வருவேன். நேத்து நீ தட்ட மேல கட்டிட்டுப் போயிட்ட. விடியக்கால முழிப்பு வந்திச்சி, மனசு கேக்கல. இந்தப் பக்கத்துக்காச்சும் வயிறு நெறயட்டும்னு தரையில போட்டேன். இத்தினி நாளு ஏமாந்த பக்கம் இதான?"

"எங்கம்மா ஏமாந்திச்சி! நீதான் தெனம் போட்டியே!"

"நான் போட்டது எனக்குத் தெரியும். நீ போடலங்கறது அதுக்குத் தெரியுமே!"



"சோதன எல்லாம் பாழும்மா. நான்தான் அவ்ளோ சொன்னேனே!"

அத்தை அவரை நேராகப் பார்த்தார். "நான் சின்னப் பொண்ணா கூலிக்குப் போனப்ப, நெலத்துக்காரங்க ஊட்டுக் கல்யாணம். எங்கள எல்லாம் கடைசிப் பந்தில ஒக்கார வெச்சாங்க. பக்கத்துல ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் வட போட்டாங்க, வாசன வந்திச்சி. எங்க எல வரைக்கும் வட வரல. பசி ஒண்ணும் இல்லடா, சோறு நெறயப் போட்டாங்க. ஆனா இன்னிக்கி வரைக்கும் அந்த வாசன எனக்கு மறக்கல." வலையைக் காட்டி, "நம்ம சொந்த நெலத்துல, நான் இடிச்ச பொடிய, ஒரு தட்டி கட்டி வுட்டுட்டுப் போவ என்னால முடியல. நீ வேற இன்னா சொன்னாலும் கேக்கறேன்" என்றார்.

வியாபாரி கோழியை மெல்லக் கீழே விட்டார்.

அந்நேரம் பார்த்து மாமா தொண்டையைச் செருமி, "பொம்பள புத்தி! படிச்சிப் படிச்சிச் சொன்னானே புள்ள, கேட்டியா?" என்றார். வியாபாரியின் ஆள் ஒருவன், கோழி பிடிக்கக் குனிந்தவன், மேற்கு மூலையில் தோலுக்கடியிலிருந்து ஒரு பெரிய கட்டு முருங்கைக் காம்புகளை இழுத்தெடுத்தான். இலை ஒன்று இல்லை. துப்புரவாகக் கொத்தித் தின்றிருந்தன. அனைவரும் மாமாவைப் பார்த்தோம். மாமா நகரி மலையின் அழகில் ஈடுபட்டார்.

"நைனா, நீயுமா?"

"அது கீரதான?" என்றார் மாமா, மலையிடமிருந்து கண்ணை எடுக்காமல். "கீர இன்னா மருந்தா? சும்மா உலாத்தப் போறப்ப ஒரு கொத்து. ஒங்கம்மா ஒண்ணும் குடுக்காம கல்லு மாரி கீறாளேன்னு..."

"நானா கல்லு?" என்றார் அத்தை.

முதலில் சிரித்தவர் வியாபாரி. பிறகு நான். கடைசியாக, மூட்டைமேல் மறுபடியும் அமர்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு என் கணவர் சிரித்தார். ஒன்றும் கொடுக்காத பக்கம் என்று அவர் நாள்தோறும் நம்பிய பக்கம், பூண்டும் மஞ்சளும் முருங்கையுமாக, ஊரிலேயே நன்கு உண்ட பக்கமாக இருந்திருக்கிறது!

சிரிப்பு அடங்கியதும் அத்தை மகனருகே போய், தாழ்ந்த குரலில், "எட ஏறலன்னு நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கெடந்த. பொடி பத்தலபோலன்னு நான் இன்னும் ஒரு கை சேத்துப் போட்டேன். வளந்துட்டா நீ போவ மாட்ட இல்ல?" என்றார்.

அப்போதுதான் அது எனக்கு முழுவதும் விளங்கியது. மகன் போகாதிருக்க வேண்டுமென்று அவர் அள்ளித் தூவிய ஒவ்வொரு கையும், வலையின் இரு புறத்தையும் சமமாக்கி, மகனை அவ்வளவுக்கவ்வளவு குவைத்தை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. என் கணவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். அவர் தாயின் மஞ்சள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாபாரி இரைப்பைத் தீனிக்கு ஓர் அளவு கழித்துக்கொண்டார். கழித்தபின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று நிகர். "எந்தப் பக்கம் எதத் துன்னா எனக்கின்னா?" என்றார் வண்டியில் ஏறியபடி. "அடுத்த பேட்ச்சும் இதே மாரி குடு. ஏண்ணா, சித்தூர் வர்றேன்னியே, ஏறலயா?"

என் கணவர் வண்டியைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். "இல்லப்பா. எது வேல செஞ்சிச்சின்னே தெரியல. தெரியாம எப்பிடிப் போறது?"

பாதிக் கணக்கை விட்டுவிட்டு எழ முடியாதவர் அவர். பல் துலக்கும்போதுகூட இடப்பக்கத்தில் தொடங்கினால் வலக்கோடியில்தான் முடிப்பார். அவருடைய இந்தக் குணத்தை அதுவரை கேலி செய்துவந்த நான், அன்றுமுதல் சிறிது குறைத்துக்கொண்டேன்.

அன்று மாலை புத்தூர்த் தொலைபேசிக் கூண்டிலிருந்து குவைத்துக்குப் பேசினார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். மறுமுனையில் பெரியம்மா மகன், "இன்னாடா, வர்றியா இல்லியா?" என்று கேட்டிருக்க வேண்டும். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்கவேண்டிய இடத்தில், என் கணவர் வலை கட்டியதிலிருந்து தொடங்கினார். சுவரில் கட்டண எண்கள் சிவப்பாக ஓடின. பூண்டுக்கு வந்தார், முருங்கைக்கு வந்தார். "கேளுடா, ரெண்டு பக்கமும் பொடி துன்னுக்கீது, அப்ப எதோட எத ஒப்பிடறது?" என்று உரக்கக் கேட்டபோது இணைப்பு துண்டிக்கப்பட்டது. துண்டித்தது இயந்திரமா மனிதரா என்பது இன்றுவரை எங்கள் குடும்பத்தில் தீராத வாதம். அந்த ஓட்டுநர் வேலைக்கு வேறொருவர் போனார்.

அடுத்த ஈட்டுக்கு முன் அவர் திருப்பதி சென்று அந்த மருத்துவ அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். முன் வளர்த்தவற்றோடு பார்த்தால் பயன் தெரிகிறது என்றும், ஆனாலும் பருவம் வேறு, குஞ்சு வேறு, ஆகையால் உறுதியாகச் சொல்லிவிட இயலாது என்றும் கூறினாராம். "வெறும் தீவனம் துன்ற பக்கத்த உங்க வீட்டுல வெக்காதீங்க. வேற ஊர்ல, வேற யாரோட கொட்டகையிலயாச்சும் வைங்க" என்று அறிவுரை சொன்னாராம்.

இம்முறை என் கணவர் மறக்காமல் மலையேறி வந்திருந்தார். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அத்தை, அந்த அறிவுரையைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"வேற ஊரா? எந்த ஊரு?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான். பஸ்ஸு போவுதான்னு கேட்டேன்."

என் கணவர் வலையை அவிழ்த்துச் சுருட்டிப் பரண்மேல் போட்டார். அன்றுமுதல் எங்கள் கொட்டகையில் கிழக்கு, மேற்கு என்ற பிரிவு இல்லை; எல்லாக் கோழிக்கும் எல்லாப் பொடியும். வளர்ச்சிக்குக் காரணம் பூண்டா, மஞ்சளா, முருங்கையா என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் போகமாட்டேன் என்று சொன்னவர், சொன்ன சொல் தவறாமல், இன்னும் போகாமல் இருக்கிறார்.